ஒரு கிலோ பிள்ளைக்கு ரத்தம் எவ்வளவு இருக்கும்?

போன மாதம் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் கறந்து கொண்டுபோவது பற்றி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளிலும் பாதிக்கு மேல் வேறொரு கேள்விதான் இருந்தது. "பிள்ளைக்கு ரத்தம் குறைஞ்சுகிட்டே போகுதாம், ஏன் அக்கா?" பினாங்கில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் மிஸ்ஸியாக (தாதியாக) வேலை பார்த்த காலம் முழுக்க, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற அம்மாக்கள் என்னிடம் அதிகம் கேட்டதும் இதைத்தான். அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் இதற்கே.

கேள்வி: அக்கா, என் மகள் 27 வாரத்தில் பிறந்தாள், 940 கிராம். இப்போது ஏழு வாரம் முடிந்து 1.6 கிலோ. தினமும் பால் கறந்து ஐஸ் பெட்டியில் வைத்து ஃபெர்ரியில் தீவுக்கு எடுத்துப் போகிறேன். ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள், தானாகவே மூச்சு விடுகிறாள். பிறந்தபோது எச்பி (ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் அளவு) 15, நேற்று 8.2 என்றார்கள். ஆனால் ரத்தம் ஏற்றவில்லை, பார்ப்போம் என்கிறார் டாக்டர். நான் மாசமாக இருக்கும்போது கீரை சாப்பிடாததால்தான் இப்படி என்று மாமியார் சொல்கிறார். இது என் தப்பா?
— பட்டர்வொர்த் வாசகி

பதில்: உங்கள் தப்பு இல்லை, தங்கச்சி. முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

பிறந்த எல்லாக் குழந்தைக்கும் எச்பி இறங்கத்தான் செய்யும். வயிற்றுக்குள் ஆக்ஸிஜன் குறைவு என்பதால் அதைச் சமாளிக்கப் பிள்ளை நிறைய ரத்தம் வைத்திருக்கும். வெளியே வந்து நுரையீரல் விரிந்ததும் ஆக்ஸிஜன் தாராளமாகக் கிடைக்கும், "போதும், இனிமேல் செய்ய வேண்டாம்" என்று உடம்பு ரத்தம் ஊறுவதை நிறுத்திவைக்கும். பத்து மாதம் முடிந்து பிறந்த பிள்ளைக்கு 8 முதல் 12 வாரத்தில் எச்பி 10, 11 வரை இறங்கிவிட்டுத் தானாக ஏறும். குறைமாதப் பிள்ளைக்கு இந்த இறக்கம் சீக்கிரமே வரும், ஆழமாகவும் போகும். ஒரு கிலோ சுமாரில் பிறந்த பிள்ளைக்கு 7, 8 வரை இறங்குவது நாங்கள் வார்டில் எப்போதும் பார்க்கிற ஒன்று.

ஏன் இவ்வளவு ஆழம்? ரத்தம் செய்யச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடுகிற சுரப்பு ஒன்று இருக்கிறது, எரித்ரோபொய்ட்டின் என்று பெயர். பெரியவர்களுக்கு அதைச் சுரப்பது சிறுநீரகம், ரத்தம் கொஞ்சம் குறைந்தாலே அதற்குத் தெரிந்துவிடும். கருவில் அந்த வேலையைக் கல்லீரல் பார்க்கிறது, அதற்கு அவ்வளவு சீக்கிரம் உறைக்காது, ரத்தம் நன்றாகவே குறைந்தால்தான் விழித்துக்கொள்ளும். உங்கள் மகள் 27 வாரத்தில் வெளியே வந்துவிட்டாலும் உள்ளே இன்னும் அந்தப் பழைய ஏற்பாடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு நமக்கு ஒரு சிவப்பணு 120 நாள் வாழும் என்றால், இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு 35, 50 நாள்தான். அவள் வளர்ந்தும் இருக்கிறாள் பாருங்கள், 940 கிராமிலிருந்து 1.6 கிலோ! நாலு பேருக்கு வைத்த ரசத்தை ஏழு பேருக்கு நீட்டினால் எப்படி இருக்கும், அதுதான் எண்ணில் தெரிகிறது. எச்பி குறைந்ததில் ஒரு பங்கு அவள் நன்றாக வளர்ந்ததால் வந்தது.

கீரை விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை அம்மாவிடமிருந்து இரும்புச் சத்தை எடுத்துச் சேர்த்துவைப்பதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் நடக்கும். உங்கள் மகளுக்கு அந்த மூன்று மாதமே கிடைக்கவில்லை. அம்மாவுக்குக் கடுமையான ரத்தசோகை இருந்தால் பிள்ளையின் சேமிப்பு குறையலாம், அது உண்மைதான், ஆனால் 27 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு எச்பி 8.2 என்பதைத் தினமும் ஒரு கட்டுக் கங்கோங் கீரை சாப்பிட்டிருந்தாலும் தடுத்திருக்க முடியாது. மாமியாரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். அவரும் பேத்தியை நினைத்து பயந்துதான் அப்படிச் சொல்கிறார்.

ரத்தம் ஏற்றாமல் "பார்ப்போம்" என்பதைக் கேட்டால் கவனிக்காமல் விட்டதுபோல இருக்கும், அப்படி இல்லை. ஒரு கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பிறந்த குழந்தைகளை வைத்து இரண்டு பெரிய ஆய்வுகள் 2020-இல் வெளிவந்தன, அமெரிக்காவில் 1,824 குழந்தைகள், ஐரோப்பாவில் 1,013 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு எச்பி கொஞ்சம் குறைந்ததுமே ரத்தம் ஏற்றினார்கள், இன்னொரு பிரிவுக்கு நன்றாக இறங்கும்வரை காத்திருந்தார்கள். இரண்டு வயது வாக்கில் பார்த்தபோது உயிர் பிழைத்ததிலும் மூளை வளர்ச்சியிலும் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. அமெரிக்க ஆய்வில் காத்திருந்த பிரிவில், மூன்று வாரம் தாண்டி ஆக்ஸிஜன் உதவி இல்லாமல் இருந்த பிள்ளைகளுக்கு 7 வரை விட்டார்கள். அதனால்தான் டாக்டர் எண்ணை மட்டும் பார்க்காமல் பிள்ளையையும் சேர்த்துப் பார்க்கிறார். எடை கூடுகிறதா, பால் குடிக்கும்போது களைத்துப் பாதியில் தூங்கிவிடுகிறாளா, சும்மா படுத்திருக்கும்போதும் இதயம் வேகமாக அடிக்கிறதா, எடுத்த ஆக்ஸிஜன் மறுபடி தேவைப்படுகிறதா, மூச்சு நின்று நின்று வருகிறதா. இதில் ஏதாவது வந்தால் 8.2-லும் ஏற்றுவார்கள்.

நாளைக்குப் போகும்போது டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: "ரெட்டிகுலோசைட் எவ்வளவு?" புதிதாகப் பிறந்த சிவப்பணுக்களின் எண்ணிக்கை அது. அது ஏற ஆரம்பித்துவிட்டால் மஜ்ஜை விழித்துக்கொண்டது என்று அர்த்தம், எச்பியும் கொஞ்ச நாளில் பின்னாலேயே ஏறும். அந்த எண் ஏறியிருக்கிறது என்று சொன்ன நாளில் சுவரில் சாய்ந்து அழுத அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கும் அந்த நாள் வரும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். நானும் அவனும் ஓ பாசிட்டிவ். என் ரத்தத்தையே எடுங்கள் என்று கெஞ்சினேன், வேண்டாம் என்றுவிட்டார்கள். யாரோ ஒருவருடைய ரத்தத்தைவிட அப்பாவுடையது நல்லதில்லையா?
— செந்தூல் வாசகர்

பதில்: தம்பி, பெற்ற மனசுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் யாரோ ஒருவருடையதுதான் நல்லது. உங்கள் மனைவியின் உடம்பு கர்ப்பத்தின்போது உங்கள் ரத்த அணுக்களில் உள்ள ஏதாவது ஒன்றுக்கு எதிர்ப்பொருள் செய்து வைத்திருக்கலாம், அது பிள்ளைக்குள்ளும் போயிருக்கும், உங்கள் ரத்தத்தை ஏற்றினால் அதைத் தாக்கும். இன்னொன்றும் இருக்கிறது. நெருங்கிய உறவின் வெள்ளை அணுக்கள் உள்ளே போனால் பிள்ளையின் உடம்பு அவற்றை அந்நியம் என்று கண்டுபிடிக்காமல் தங்கவிட்டுவிடும், அவை பிறகு பிள்ளையின் உடம்பையே தாக்கத் தொடங்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் காப்பாற்றுவது மிகவும் கடினம். ரத்த வகை ஒன்றாக இருப்பது இந்த இரண்டையும் தடுக்காது.

ஏற்றுவது எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 20 மில்லி. ஒரு சிரிஞ்சில் அடங்கிவிடும், அதைப் பம்பில் மாட்டி மூன்று நான்கு மணி நேரம் மெல்ல மெல்ல விடுவோம். ஒரே கொடையாளரின் பையைச் சின்னச் சின்னப் பைகளாகப் பிரித்து அதே பிள்ளைக்கு என்று ஒதுக்கிவைக்கிற முறையும் இருக்கிறது, இரண்டாவது மூன்றாவது தடவை தேவைப்பட்டாலும் வேறு ஆளின் ரத்தம் போக வேண்டியதில்லை. நம் மலேசியாவில் தானம் கொடுத்த ரத்தத்தை எச்ஐவி, ஹெப்பட்டைட்டிஸ் பி, சி, சிஃபிலிஸ் எல்லாவற்றுக்கும் சோதித்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள்.

உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று இருந்தால் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கிற தேசிய ரத்த மையத்துக்குப் போய்க் கொடுங்கள். உங்கள் மகனுக்குப் போகாது, வேறொரு வார்டில் இன்னொருத்தர் மகனுக்குப் போகும். உங்கள் மகனுக்கு வந்ததும் அப்படி ஒருத்தர் கொடுத்ததுதான்.

கேள்வி: ரத்தம் குறைவு என்று சொல்லிவிட்டுக் குதிகாலில் குத்திக் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கேட்டால் "கொஞ்சம்தான்" என்கிறார்கள். எடுக்காமல் விட முடியாதா?
— ஆயர் ஈத்தாம் வாசகி

பதில்: சரியான கேள்வி, நீங்கள் கேட்டதில் எந்தத் தப்பும் இல்லை. ஒரு கிலோ பிள்ளையின் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமும் 90 மில்லி அளவுதான். கோப்பிக் கடைக் கோப்பை ஒன்றைக்கூட நிரப்பாது. அதில் ஒரு மில்லி எடுத்தால், ஒரு பெரிய ஆளிடம் 55 மில்லி எடுத்ததற்குச் சமம். பிறந்த முதல் இரண்டு மூன்று வாரத்தில் ரத்தசோகை வருவதற்கு இப்படிச் சோதனைக்கு எடுப்பதே முக்கியமான காரணம், டாக்டர்கள் யாரும் இதை மறுப்பதில்லை.

ஆனால் அதே முதல் வாரங்களில் எடுக்காமல் இருக்கவும் முடியாது. சர்க்கரை இறங்கினாலோ, மஞ்சள் காமாலை ஏறினாலோ, கிருமி தொற்றினாலோ இவ்வளவு சின்னப் பிள்ளை அழுது சொல்லாது, சில மணி நேரத்தில் நிலைமை மாறிவிடும். அதனால் முடிந்தவரை குறைத்து எடுப்பதுதான் வழி. சின்னக் குழாய், இரண்டு மூன்று சோதனைக்கு ஒரே தடவை எடுப்பது, பாதத்தில் சிவப்பு விளக்கு ஒளிரும் பட்டையை வைத்துத் தோல் வழியாகவே ஆக்ஸிஜன் அளப்பது. நான் வேலை பார்த்த வார்டில் ஒவ்வொரு பிள்ளையின் அட்டையிலும் எடுத்த ரத்தத்தை எழுதுவோம், 0.3, 0.5, 0.3 என்று. ஒரு ராத்திரி வேலையில் ஒரு பிள்ளையின் அட்டையைக் கூட்டிப் பார்த்தேன், பத்து நாளில் அதன் மொத்த ரத்தத்தில் கால்வாசியை நாங்களே எடுத்திருந்தோம். அன்றைக்கு என் கை நடுங்கியது. அதிலிருந்து டாக்டர் ஒரு சோதனை எழுதினால், "காலையில் எடுக்கிறதோடு சேர்த்துக்கலாமா டாக்டர்?" என்று கேட்காமல் நான் சிரிஞ்சைத் தொட்டதில்லை. நீங்களும் அதையே மரியாதையாகக் கேட்கலாம். நல்ல வார்டில் இதற்குக் கோபப்பட மாட்டார்கள்.

கேள்வி: பேரன் ஒன்றரை மாதத்துக்கு முன்னால் குறைமாதத்தில் பிறந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறான். ரத்தம் ஊற உலர் திராட்சை ஊறவைத்த தண்ணீர், பீட்ரூட் சாறு, தேன் ஒரு சொட்டு, இதெல்லாம் கொடுக்கலாமா? மருமகளுக்கு ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கிக் கொடுத்தால் பால் வழியாகப் போகுமா?
— பிறை, ஒரு பாட்டி

பதில்: பாட்டி, உங்கள் கைப்பக்குவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் பிள்ளையின் வாயில் இது எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமியின் விஷம் பச்சைப் பிள்ளையின் தசைகளையும் மூச்சையும் முடக்கிவிடும். பீட்ரூட், பசலைக்கீரைச் சாற்றில் நைட்ரேட் அதிகம், இந்த வயதில் அது ரத்தத்தின் ஆக்ஸிஜன் சுமக்கிற சக்தியையே கெடுக்கும். ரத்தம் ஊறட்டும் என்று கொடுப்பது, இருக்கிற ரத்தத்தையும் வேலை செய்யவிடாமல் பண்ணிவிடும். திராட்சைத் தண்ணீர் வயிற்றை நிரப்பிப் பாலைக் குறைக்கும், அவ்வளவுதான்.

சுவரொட்டியை மருமகளுக்குத் தாராளமாக மிளகு போட்டு வறுத்துக் கொடுங்கள், பிரசவத்தில் ரத்தம் இழந்த அவளுக்கு நல்லது. ஆனால் அம்மா எவ்வளவு இரும்பு சாப்பிட்டாலும் தாய்ப்பாலில் அது பெரிதாகக் கூடாது. பிள்ளைக்கு இரும்பு சொட்டு மருந்தில்தான் போக வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். பேரனைச் சுற்றிப் போர்த்த உங்கள் பழைய புடவையைக் கிழித்து வைத்திருக்கிறீர்களா? அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்த புடவையா? ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள பிள்ளைக்கு அந்த வாசனையே சிவப்பணுக்களை உடைத்துவிடும். நம் நாட்டில் பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்திலேயே இதைச் சோதித்துக் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் எழுதிவிடுவார்கள், எடுத்துப் பாருங்கள். குறைபாடு இருக்கிறது என்று எழுதியிருந்தால் அந்துருண்டை வீட்டிலேயே இருக்கக் கூடாது, வெளியே தூக்கிப் போட்டுவிடுங்கள். இல்லை என்றாலும் புடவையைத் துவைத்து நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போட்ட பிறகு போர்த்துங்கள்.

கேள்வி: இரும்புச் சத்து சொட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து மலம் கறுப்பாகப் போகிறது, சில நாள் கக்கியும் விடுகிறாள். நிறுத்திவிடலாமா? எத்தனை மாதம் கொடுக்க வேண்டும்?
— கெப்போங் வாசகி

பதில்: நிறுத்தாதீர்கள். கறுப்பும் கரும்பச்சையும் இரும்பின் நிறம்தான். சிவப்பாக ரத்தம் தெரிந்தாலோ வயிறு உப்பிக்கொண்டு பால் மறுத்தாலோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கக்குகிறாள் என்றால் சிரிஞ்சால் கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், வேளையை மாற்றலாமா, இரண்டாகப் பிரிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பாட்டில் பால் முழுவதிலும் கலக்காதீர்கள், பால் மிச்சம் வைத்தால் மருந்தும் மிச்சமாகிவிடும்.

தாய்ப்பால் குடிக்கும் குறைமாதப் பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 2 முதல் 4 மில்லிகிராம் இரும்பு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளைக்கு எடை கூடக் கூட அளவும் கூட வேண்டும், இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இரண்டு கிலோவில் எழுதிக் கொடுத்த அளவையே நான்கு கிலோவிலும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு தடவை கிளினிக்கில் எடை பார்க்கும்போதும் "சொட்டு மருந்து அளவை மாத்தணுமா?" என்று நீங்களே கேளுங்கள். புட்டி தீர்ந்து வேறு பிராண்ட் வாங்கினால் ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று மருந்தாளரிடம் காட்டிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. பவுடர் பாலில் ஏற்கெனவே இரும்பு சேர்த்திருப்பதால் அதைக் குடிக்கிற பிள்ளைக்குக் கணக்கு வேறு. குறைந்தது ஆறு மாதம், பல பிள்ளைகளுக்கு ஒரு வயதுவரைகூட கொடுக்கச் சொல்வார்கள். எச்பி சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம், வளர்கிற மூளைக்கும் இரும்பு வேண்டும்.

வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் அந்தப் புட்டியை எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். இனிப்பாக இருக்கிறதே என்று சிறுபிள்ளை மொத்தமாகக் குடித்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: எனக்குத் தலசீமியா டிரெயிட் (தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கூறு மட்டும் இருப்பது). மகனின் ரத்தசோகை அதனால்தானா?
— பத்துமலை வாசகி

பதில்: பச்சைப் பிள்ளை வயதில் அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. பீட்டா வகையாக இருந்தால், பிள்ளையின் ரத்தத்தில் கரு காலத்து ஹீமோகுளோபின் குறைந்த பிறகுதான், அதாவது சில மாதம் கழித்துத்தான் தெரியவரும். ரத்தம் ஏற்றியிருந்தால் கொடுத்தவருடைய அணுக்களும் கலந்திருக்கும், சோதனை குழம்பும். எப்போது சோதிப்பது என்று டாக்டர் சொல்லட்டும். அதற்குள் உங்கள் கணவர் தன்னைச் சோதித்துக்கொள்ளட்டும், அவருக்கும் டிரெயிட் இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: முதல் பிள்ளை 30 வாரத்தில் பிறந்து நான்கு தடவை ரத்தம் ஏற்றினார்கள். இப்போது மறுபடி ஐந்து மாதம். இந்தத் தடவை நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?
— பிரிக்பீல்ட்ஸ் வாசகி

பதில்: இருக்கிறது. பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் இப்போதே பேசுங்கள்: பிள்ளை வெளியே வந்ததும் தொப்புள்கொடியை உடனே கட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுக்க முடியுமா என்று. நஞ்சுக்கொடியில் தங்கியிருக்கும் ரத்தம் அந்த நேரத்தில் பிள்ளைக்குள் போய்விடும், அது அவனுடைய சொந்த ரத்தம். இப்படிச் செய்த குறைமாதப் பிள்ளைகளுக்கு ரத்தம் ஏற்றுவது குறைகிறது, 2023-இல் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பில் ஆஸ்பத்திரியில் இறப்பதும் குறைந்திருந்தது. நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தம் கொட்டினாலோ, பிள்ளைக்கு உடனே மூச்சு கொடுக்க வேண்டியிருந்தாலோ அவர்கள் காத்திருக்க மாட்டார்கள், அப்போது தடுக்காதீர்கள்.

கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை விடாமல் போடுங்கள். தே தாரிக்கோடு போடாதீர்கள், தேயிலை இரும்பைச் சேரவிடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டுக் குடியுங்கள். இடுப்பு விட்டுவிட்டு இறுக்குவதுபோல வலித்தாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் ராத்திரியானாலும் கிளம்புங்கள். சீக்கிரம் போனால்தான் பிள்ளையின் நுரையீரல் முதிர உங்களுக்கு ஊசி போட நேரம் கிடைக்கும், நுரையீரல் நன்றாக இருந்தால் சோதனைக்குக் குத்துவதும் குறையும்.

முதல் பிள்ளையின் டிஸ்சார்ஜ் தாள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடி எடுத்து, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகிற பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அவசரத்தில் பார்க்க வருகிற புது டாக்டர் உங்களிடம் கதை கேட்டுக்கொண்டிருக்காமல் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.